‘உள்ளேன் ஐயா’ என்றது யார்? பழைய கணினியை வலைக் கண்காணிப்பில் சேர்ப்பது எப்படி

பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும் நேரம் நினைவிருக்கிறதா? ஆசிரியர் பதிவேட்டைத் திறந்து வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் வந்தால் ஒரு குறி, வராவிட்டால் வேறொரு குறி. ஆசிரியர் தலையை நிமிர்த்திப் பார்க்காதவராக இருந்தால், வராத நண்பனுக்காகக் கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருவன் குரல் கொடுத்துவிடுவதும் உண்டு.

வலைக் கண்காணிப்பு மென்பொருள் செய்யும் வேலை கிட்டத்தட்ட இதுதான். நாகியோஸ், ஸாபிக்ஸ், லிப்ரெஎன்எம்எஸ், பிரொமீதியஸ் என்று பெயர்கள் பல. எல்லாவற்றின் கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவியையும் அது கூப்பிடுகிறது. பதில் வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. தலையை நிமிர்த்திப் பார்க்கும் பழக்கம் அதற்கும் கிடையாது. குரல் வந்ததா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். குரல் யாருடையது என்று தெரியாது.

இன்றைய சர்வர், ரூட்டர், பிரிண்டர் எல்லாம் இந்த அழைப்புக்குப் பிறவியிலேயே பழகியவை. 1982-ல் வந்த கமாடோர் 64 அப்படியல்ல. டாஸ் என்ற பழைய இயக்க முறைமை ஓடும் ஒரு 386 கணினியும் அப்படியல்ல. அவை தயாரான காலத்தில், வீட்டுக் கணினியை யாரோ தொலைவிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அவற்றை இந்தப் பதிவேட்டில் சேர்ப்பதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொரு வழியிலும் உண்மையில் பதில் சொல்வது யார் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், அலமாரியில் காட்சிக்கு நிற்கும் கணினிக்கு ஒன்றும் தேவையில்லை, ஓடிக்கொண்டிருப்பதற்குத்தான் தேவை. சியாட்டில் நகரில் மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் நிறுவிய லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம் 2012-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2020-ல் கதவு மூடும்வரை அங்கே பழைய பெருங்கணினிகள் உயிரோடு ஓடின. இணையம் வழியாகக் கணக்கு வாங்கி உள்ளே நுழையவும் முடிந்தது. அப்படிப்பட்ட ஒன்று நள்ளிரவில் நின்றுபோனால் யாருக்காவது தகவல் போக வேண்டும் அல்லவா? வீட்டு அளவிலும் காரணம் உண்டு. கமாடோர் 64-உடன் வந்த பழைய பவர் சப்ளை பழுதாகும்போது நின்றுபோவதோடு விடுவதில்லை. 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் அதற்கும் மேலே ஏற்றிவிட்டு, நினைவகச் சில்லுகளையும் கூடவே அழைத்துக்கொண்டு போகும். முதுமை வந்த பொருளை ஓட விடுகிறவர், அதன் நாடியை அவ்வப்போது பிடித்துப் பார்ப்பதில் தவறில்லை.

பிங்: முதல் அழைப்பு

எல்லாக் கண்காணிப்பும் தொடங்குவது பிங்கில். அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் அல்லவா, அந்த ஒலியின் பெயரையே நிரலுக்கும் வைத்தார். அனுப்பப்படுவது ‘எதிரொலி கேட்கிறேன்’ என்ற ஒரு பொட்டலம். திரும்ப வருவது ‘இதோ எதிரொலி’ என்ற இன்னொரு பொட்டலம். இந்த இரண்டுக்குமான விதி 1981-லேயே எழுதப்பட்டுவிட்டது. அதில் கேள்விக்கு எண் 8, பதிலுக்கு எண் 0.

இங்கே புதியவர்கள் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது. கணினியில் நீங்கள் ஓட்டும் எந்த நிரலும் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. இயக்க முறைமைக்குள் இருக்கும் டிசிபி/ஐபி பகுதிதான், அதாவது வலையில் பேசும் விதிகளை அறிந்த பகுதிதான் சொல்கிறது. லினக்ஸிலும் விண்டோஸிலும் அது எப்போதும் விழித்திருப்பதால் நாம் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. டாஸில் அந்தப் பகுதியே இல்லை. அங்கே ஆரம்பிக்கிறது வேடிக்கை.

டாஸ் கணினியில், வலைக் கம்பியை இணைக்கும் ஈதர்நெட் அட்டை ஒன்றைச் செருகி, அதற்கான பாக்கெட் டிரைவரை ஏற்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட் டிரைவர் என்பது மிகச் சிறிய நிரல். எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் 1980-களின் தொடக்கத்தில் உருவான யோசனை. 1986-ல் தொடங்கிய எஃப்டிபி சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் அதை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. அட்டையிலிருந்து வரும் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பது, கொடுத்த பொட்டலத்தை அட்டையில் போடுவது, அவ்வளவுதான் அதன் பொறுப்பு. தபால்காரரைப் போல. கடிதத்தைத் திண்ணையில் போடுவார். பிரித்துப் படித்துப் பதில் எழுதமாட்டார். வீட்டில் ஆள் இல்லையென்றால் கடிதம் திண்ணையிலேயே கிடக்கும்.

ஆகவே ‘சி:’ என்று கர்சர் மின்னிக்கொண்டிருக்கும் டாஸ் கணினியை பிங் செய்து பாருங்கள். பதில் வராது. பிங்குக்கு மட்டுமல்ல, ‘இந்த ஐபி முகவரி யாருடையது?’ என்று வலை முழுவதற்கும் கேட்கப்படும் ஏஆர்பி கேள்விக்குக்கூட அது வாய் திறக்காது. கணினி நலமாக இருக்கிறது, அட்டை நலமாக இருக்கிறது, கம்பியும் சரியாக இருக்கிறது. பதிவேட்டில் மட்டும் ‘வரவில்லை’ என்று விழுகிறது. இரண்டு நாள் கம்பியை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

தீர்வு, வீட்டில் ஓர் ஆளை இருத்துவது. மைக்கேல் புரூட்மன் எழுதி இலவசமாக வழங்கும் எம்டிசிபி என்ற தொகுப்பு டாஸ் ஆர்வலர்களிடையே புகழ்பெற்றது. அதில் கோப்புகளைப் பரிமாறும் எஃப்டிபி சர்வர், வலைத்தள சர்வர், நேரம் சரிசெய்யும் நிரல் என்று பல உண்டு. ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய டிசிபி/ஐபியைத் தன் வயிற்றுக்குள்ளேயே சுமந்து வருகிறது. எஃப்டிபி சர்வரை ஓடவிட்டால், அது ஓடும்வரை கணினி பிங்குக்குப் பதில் சொல்லும். வெளியேறினால் மறுபடி ஊமை. இன்னொரு வழி, நெறிமுறை முழுவதையும் நினைவகத்தில் நிரந்தரமாகக் குடியேற்றும் அக்கால வணிகத் தொகுப்புகள். அவை கர்சர் மின்னும்போதும் பதில் சொல்லும். விலை, 640 கிலோபைட்டில் ஒரு பெரும் துண்டு. விளையாட்டுக்கு இடம் போதாமல் போகும். பழைய கணினி வைத்திருப்பவரில் பாதிப் பேர் விளையாட்டுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதால் நான் முதல் வழியையே சொல்வேன்.

இதற்கு நேர் எதிரான கூத்து ஆப்பிள் 2 பக்கத்தில் நடக்கிறது. அதற்கான யுதர்நெட் 2 என்ற அட்டையில் டபிள்யூ5100 என்ற சில்லு உட்கார்ந்திருக்கிறது. இது சாதாரண ஈதர்நெட் சில்லு அல்ல. டிசிபி/ஐபி முழுவதையும் தன் வன்பொருளிலேயே வைத்திருப்பது. ஐபி முகவரியை ஒருமுறை அதில் எழுதிவிட்டால் போதும். அதற்குப் பின் பிங்குக்குச் சில்லே பதில் சொல்லிக்கொள்ளும். 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மையச் செயலிக்கு அந்தத் தொல்லையே கிடையாது. வசதிதான். ஆனால் ஆப்பிள் நிரல் நட்டநடுவில் உறைந்து, திரையில் குப்பை எழுத்து நிறைந்து நின்றாலும், மின்சாரம் இருக்கும்வரை சில்லு ‘உள்ளேன் ஐயா’ என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். பதிவேட்டில் பச்சை.

வைஃபை மோடம் வழியாக இணைப்பவர்களுக்கும் இதே கதை. சீரியல் போர்ட்டில் (ஒவ்வொரு பிட்டாகத் தகவல் போய்வரும் பழைய துளையில்) செருகும் அந்தச் சிறு பெட்டிக்குள் பெரும்பாலும் ஈஎஸ்பி8266 சில்லு இருக்கும். ஐபி முகவரி அதற்குத்தான், கணினிக்கு அல்ல. நீங்கள் பிங் செய்வது மோடத்தை. கணினியை அணைத்துவிட்டாலும், மோடத்துக்குத் தனி மின்சாரம் இருந்தால் அது பதில் சொல்லும்.

உயிரோடு இருந்தும் ஊமையாக நிற்பது ஒன்று. செத்த பிறகும் பேசுவது இன்னொன்று. டாஸ் முதல் வகை, டபிள்யூ5100 இரண்டாவது வகை. முதல் வகை நம்மை அலைக்கழிக்கும், இரண்டாவது ஏமாற்றும். எனக்கு இரண்டாவதுதான் பயம்.

எஸ்என்எம்பி: பெயர் கூப்பிடுவதற்கு மேல்

இருக்கிறாயா என்று மட்டும் கேட்காமல், எவ்வளவு நேரமாக இருக்கிறாய், உன் பெயர் என்ன, எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றெல்லாம் கேட்க வேண்டுமானால் எஸ்என்எம்பி என்ற நெறிமுறை தேவை. 1988-ல் முதல் வடிவம் வந்தது. 1990 மே மாதத்தில் அது நிலைபெற்றது. இன்றும் கண்காணிப்பு மென்பொருள்கள் பேசும் பொதுமொழி இதுதான்.

இதை எவ்வளவு எளிய பொருளிலும் புகுத்தலாம் என்பதற்கு 1990-ல் ஒரு வேடிக்கையான சாட்சி கிடைத்தது. இன்டராப் என்ற வலைத்தொழில் கண்காட்சியில் ஜான் ராம்கி ஒரு ரொட்டி வாட்டும் கருவியை டிசிபி/ஐபி வலையில் இணைத்துக் காட்டினார். எஸ்என்எம்பி வழியாகக் கட்டளை போனால் கருவி சூடாகும். எவ்வளவு நேரம் சூடாகிறதோ அவ்வளவுக்கு ரொட்டி சிவக்கும். ரொட்டியை உள்ளே வைக்க மட்டும் மனிதக் கை வேண்டியிருந்தது; மறுவருடம் அதற்கும் ஒரு குட்டி இயந்திரக் கையைப் பொருத்திவிட்டார்கள். இந்த ராம்கி யார் தெரியுமா? ஐபிஎம் பிசிக்கு எம்ஐடியில் ஆரம்பகால டிசிபி/ஐபி எழுதியவர்களில் ஒருவர். மேலே சொன்ன எஃப்டிபி சாஃப்ட்வேரைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். ரொட்டிக் கருவியே பேசும்போது கமாடோர் 64 பேசாதா?

எஸ்என்எம்பியில் கேட்கப்படும் ஒவ்வொரு விவரத்துக்கும் புள்ளிகளால் பிரித்த ஒரு நீண்ட எண் உண்டு. ‘எவ்வளவு நேரமாக ஓடுகிறாய்’ என்பதற்கு 1.3.6.1.2.1.1.3.0. பார்க்கப் பயமாக இருக்கும். அஞ்சல் முகவரியைத் தலைகீழாகப் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: உலகம், நாடு, மாநிலம், ஊர், தெரு என்று இறங்கி, கடைசியில் கதவு எண். முதல் ஐந்தாறு எண்கள் எல்லோருக்கும் பொது. கணினியைப் பற்றிய அடிப்படை விவரங்கள் ஒரே தெருவில் ஏழு வீடுகளாக நிற்கின்றன. முதல் வீட்டில் கணினியின் வருணனை, மூன்றாவதில் ஓடும் நேரம், நான்காவதில் பொறுப்பாளர், ஐந்தாவதில் பெயர், ஆறாவதில் இருக்கும் இடம். பழைய கணினிக்கு இந்த ஐந்து போதும்.

கேள்வி பொட்டலமும் சிறியது. ஓடும் நேரத்தை மட்டும் கேட்கும் கேள்வியை எண்ணிப் பார்த்தால் மிகச் சிறிய வடிவில் 40 பைட்தான் வருகிறது. அதில் ஒரு சிக்கனமும் உண்டு: முகவரியின் முதல் இரண்டு எண்களான 1, 3 ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதாமல், முதல் எண்ணை 40-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டி, 43 என்று ஒரே பைட்டாக எழுதுகிறார்கள். 484 பைட்டுக்கு மேற்பட்ட செய்தியை ஏற்க வேண்டிய கட்டாயம் எந்தக் கருவிக்கும் இல்லை என்று 1990-ன் விதியே சொல்லிவிட்டது. 64 கிலோபைட் நினைவகத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. யுடிபி என்ற எளிய அனுப்பு முறையில், எஸ்என்எம்பிக்கான வாசலாகிய 161-ஆம் போர்ட்டில் காத்திருந்து, வந்த 40 பைட்டில் கேட்கப்பட்ட எண் நமக்குத் தெரிந்த ஐந்தில் ஒன்றா என்று பார்த்து, ஆமென்றால் பதிலை வைத்துத் திருப்பி அனுப்பினால் முடிந்தது. கமாடோர் 64-இல் இருக்கும் 6502 வகைச் செயலிக்கான ஐபி65 என்ற நிரல் நூலகத்தில் யுடிபி இருக்கிறது. அசெம்பிளி தெரிந்தவருக்கு இது சில வார இறுதிகளின் வேலை.

ஓடும் நேரத்தைச் சொல்வதில் மட்டும் ஒரு பள்ளம் இருக்கிறது. எஸ்என்எம்பி அதை நொடியில் நூறில் ஒரு பங்காகக் கேட்கிறது. கணினி இயக்கப்பட்டதிலிருந்து எண்ணினால் போதும் என்பதால், பேட்டரிக் கடிகாரமே இல்லாத கமாடோர் 64-க்கும் இது கைகூடும். அதற்குள் நொடிக்கு 60 முறை ஏறும் ஒரு எண்ணி இருக்கிறது. பேசிக் மொழியில் ‘டிஐ’ என்று கேட்டால் தரும். அதை 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் எஸ்என்எம்பி கேட்கும் எண் வந்துவிடும். ஆனால் அந்த எண்ணி 51,84,000-ஐத் தொட்டதும், அதாவது சரியாக 24 மணி நேரத்தில், மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கண்காணிப்பு மென்பொருள் என்ன நினைக்கும்? நேற்று 23 மணி நேரம் என்றது, இன்று 5 நிமிடம் என்கிறது, ஆகவே கணினி நின்று மறுபடி தொடங்கியிருக்கிறது என்று முடிவுகட்டி, நாள் தவறாமல் உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். டாஸிலும் இதே பள்ளம் உண்டு. அங்கே எண்ணி நொடிக்குச் சுமார் 18.2 முறை ஏறி, நள்ளிரவில் பூஜ்யமாகும். எத்தனை முறை சுற்றியது என்பதை நம் நிரலே தனியாக எண்ணி வைத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதில் பழைய கணினியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எஸ்என்எம்பியின் ஓடும் நேரமும் 32 பிட் எண்தான். 497 நாளில் அதுவும் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். விண்டோஸ் 95-இல் மில்லிநொடிகளை எண்ணிய இன்னொரு 32 பிட் எண்ணி 49.7 நாளில் நிரம்பி, கணினியையே உறைய வைத்த கதை பிரசித்தம். அந்தப் பிழை வெளியே தெரியப் பல வருடங்கள் ஆயின. தொடர்ந்து 49 நாள் விண்டோஸ் 95 ஓடிய வீடு எது?

சொல்லப்போனால் விண்டோஸ் 95-க்கு நாம் எதுவும் எழுத வேண்டியதில்லை. அதன் சிடியிலேயே நிர்வாகக் கருவிகளுக்கான அடைவில் எஸ்என்எம்பி ஏஜென்ட், அதாவது கேள்விக்குப் பதில் சொல்லும் நிரல், இருக்கிறது. தானாக நிறுவப்படாது, நெட்வொர்க் அமைப்பில் போய்ச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் என்டியிலும் சேர்த்துக்கொள்ளும் சேவையாக உண்டு. 1990-களின் யூனிக்ஸ் பணிநிலையங்களுக்கும் அப்படியே. அவை அலுவலக வலைகளுக்காகவே பிறந்தவை என்பதால் கவலையில்லை.

பதிலாள் வைப்பது

நெட்வொர்க் அட்டையே இல்லாத கணினி? அட்டை இருந்தும், எஸ்என்எம்பி எழுத நேரமோ திறமையோ இல்லையென்றால்? அப்போது பதிலாள் வைக்க வேண்டியதுதான். பழைய கணினிக்குப் பக்கத்தில் ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினியை வைத்து, இரண்டையும் சீரியல் கம்பியால் இணைத்துவிட்டால், பழையது பையிடம் பேசும், பை உலகத்திடம் பேசும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய பிசியின் சீரியல் போர்ட்டில் கழித்தலும் கூட்டலுமாக 12 வோல்ட் வரை ஓடும்; ராஸ்பெரி பையின் ஊசிகள் தாங்குவது 3.3 வோல்ட். நேராக இணைத்தால் பை போய்விடும். மேக்ஸ்3232 என்ற மாற்றுச் சில்லு உள்ள சிறு பலகையோ, யுஎஸ்பி சீரியல் கம்பியோ நடுவில் அவசியம். கமாடோர் 64-இன் யூசர் போர்ட் வேறு மாதிரி, அங்கே 5 வோல்ட். அதற்கும் தகுந்த மாற்றுப் பலகை வேண்டும்.

பழைய கணினியில் ஓட வேண்டியது மிகச் சிறிய நிரல். நிமிடத்துக்கு ஒருமுறை தன் எண்ணியின் மதிப்பை ஒரு வரியாக சீரியலில் எழுத வேண்டும். இதயத் துடிப்பு போல. கமாடோரில் பேசிக் மொழியிலேயே நாலைந்து வரிகளில் முடியும். 300 பாட் வேகம்கூட தாராளம். பை அந்த வரியைப் படித்து, வந்த நேரத்தோடு ஒரு கோப்பில் வைக்கிறது. பையில் ஓடும் நெட்-எஸ்என்எம்பி என்ற திறமூல ஏஜென்ட்டில், குறிப்பிட்ட எண்ணைக் கேட்டால் இந்த நிரலை ஓட்டிப் பதிலை வாங்கிக்கொள் என்று சொல்லும் வசதி இருக்கிறது; அதன் பெயர் ‘பாஸ்’. நம் நிரல் மூன்று வரி அச்சிட வேண்டும்: கேட்கப்பட்ட எண், மதிப்பின் வகை, மதிப்பு. பிரொமீதியஸ் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுலபம். அதற்குத் தேவை ஒரு பெயரும், ஓர் இடைவெளியும், ஓர் எண்ணும் உள்ள சாதாரண எழுத்து வரி. நாகியோஸில் ‘பாசிவ்’ முறையில், அது கூப்பிடக் காத்திராமல் நாமே போய் வருகை சொல்லலாம்.

இப்போது கடைசி பெஞ்ச் நண்பன் நினைவுக்கு வர வேண்டும். பழைய கணினி நின்றுபோனால் துடிப்பு வரி வராது. ஆனால் கோப்பில் கடைசியாக வந்த வரி பத்திரமாக இருக்கிறது! பையின் நிரல் அதையே எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால், கணினி இறந்து ஒரு வாரம் ஆனபின்னும் பதிவேட்டில் பச்சைதான். பதிலாள் முறையில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி இது. ஆகவே பதிலாளுக்கு ஒரு கண்டிப்பு வேண்டும்: கடைசி வரி மூன்று நிமிடத்துக்கு மேல் பழையது என்றால், வாயை மூடிக்கொள். நெட்-எஸ்என்எம்பியின் ‘பாஸ்’ முறையில், ஒரு வரியும் அச்சிடாமல் நிரல் வெளியேறினால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை என்று கேட்பவருக்குப் போய்விடும். நாகியோஸில் இதற்கென்றே ‘எத்தனை நொடிக்குள் புதுச் செய்தி வராவிட்டால் சிவப்பு’ என்ற அமைப்பு இருக்கிறது. பிரொமீதியஸில் கோப்பைத் தொட்ட நேரத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

பதிலாள் பக்கத்தில் இருப்பதால் ஒரு லாபமும் கிடைக்கிறது. பழைய கணினிக்குத் தன் உடம்பு பற்றி ஒன்றும் தெரியாது. அதற்கு வெப்பமானி கிடையாது. பையில் இரண்டு சிறு உணரிகளைச் சேர்த்தால், பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு, 5 வோல்ட் உண்மையில் எவ்வளவு வோல்ட்டாக இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்பலாம். முதலில் சொன்ன பவர் சப்ளைக் கதைக்கு வேண்டியது இதுதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எச்சரிக்கை வருவதற்குள் நினைவகம் போயிருக்கும். கண்காணிப்பு தகவல் சொல்லுமே தவிர காப்பாற்றாது; காப்பாற்றுவதற்குப் புதிய பவர் சப்ளை வாங்க வேண்டும்.

கணினியைத் தொடவே கூடாது என்றால், வலைக் கம்பிகள் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டியைக் கேட்கலாம். நிர்வகிக்கக்கூடிய ஸ்விட்ச்சுகளில் பெரும்பாலும் எஸ்என்எம்பி இருக்கும். இந்தத் துளையில் கம்பி உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால் 1 அல்லது 2 என்று சொல்லும், 1 என்றால் இருக்கிறது. 1995-க்கு முந்திய பிசிக்களில் பவர் சுவிட்ச் உண்மையாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் என்பதால், அங்கே கம்பி உயிரோடு இருந்தால் கணினிக்கு மின்சாரம் இருக்கிறது என்று நம்பலாம். பிந்தையவற்றில் அணைத்த பிறகும் அட்டைக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம். அங்கே இந்தச் சாட்சி செல்லாது. இன்னொன்று, சில புதிய அதிவேக ஸ்விட்ச்சுகள் 10 மெகாபிட் வேகத்தையே கைவிட்டுவிட்டன. பழைய அட்டைக்கு அந்த ஒரு வேகம்தான் தெரியும். கையில் இருக்கும் பழைய ஸ்விட்ச்சைத் தூக்கிப் போடாதீர்கள்.

கிழவனை விரட்டாமல் கேட்பது

கண்காணிப்பு மென்பொருளை அப்படியே ஓடவிட்டால் அது பழைய கணினியை இளைஞன் என்று நினைத்துக்கொண்டு விரட்டும். லிப்ரெஎன்எம்எஸ் இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும், அது பரவாயில்லை. புதிய கருவியைச் சேர்க்கும்போது, என்னென்ன தெரியும் என்று அறிய அது கேட்கும் கேள்வி வரிசைதான் ஆபத்து. ஐந்தே பதில் தெரிந்த ஏஜென்ட்டிடம் நூற்றுக்கணக்கில் கேள்வி வரும். தெரியாத கேள்விக்கு ‘அப்படி ஒன்று இல்லை’ என்று முறையாகச் சொல்ல உங்கள் நிரல் கற்றிருக்க வேண்டும்; இல்லையேல் அங்கேயே உறையும். முதல் பதிப்பு எஸ்என்எம்பியில்தான் கேட்க வேண்டும் என்று குறித்துவிடுங்கள். வேண்டாத பகுதிகளை நிறுத்திவிடுங்கள்.

தாமதமும் இயல்பு. ஆப்பிள் 2-இல் வட்டைப் படிக்கும்போது செயலியே நேரத்தை எண்ணிப் படிக்கிறது. அந்த நேரத்தில் வேறு யார் கூப்பிட்டாலும் அதன் காதில் விழாது. ஒருமுறை பதில் வரவில்லை என்றதும் சிவப்பு காட்டுவது அநியாயம். நான்கைந்து முறை கூப்பிட்டும் வராவிட்டால்தான் ‘வரவில்லை’ என்று எழுதும்படி அமையுங்கள்.

கேள்வி கேட்பவர் மட்டும் இல்லை, சுற்றிலும் சத்தம் போடுபவர்களும் இருக்கிறார்கள். இன்றைய வீட்டு வலையில் தொலைக்காட்சி, கைப்பேசி, பிரிண்டர் எல்லாம் ‘நான் இருக்கிறேன்’ என்று எல்லோருக்கும் அறிவித்தபடியே இருக்கின்றன. என்இ2000 என்ற பழைய ஈதர்நெட் அட்டையின் மொத்தத் தற்காலிக நினைவகம் 16 கிலோபைட். அறிவிப்புகளிலேயே அது நிரம்பினால் உண்மையான கேள்வி உள்ளே வராது. பழைய கணினிகளுக்கென்று தனி விலேன் ஒன்றை (ஒரே வலைக்குள் பிரித்து வைத்த தனி வலையை) ஒதுக்கி, கண்காணிப்பு சர்வரை மட்டும் அதற்குள் அனுமதிப்பது நல்லது. பாதுகாப்புக்கும் இதுவே வழி. முதல் பதிப்பு எஸ்என்எம்பியில் கடவுச்சொல்லின் இடத்தில் இருக்கும் சொல் மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் போகிறது. பெரும்பாலான கருவிகளில் அந்தச் சொல் ‘பப்ளிக்’. மூன்றாம் பதிப்பின் மறையாக்கத்தைச் செய்ய 1 மெகாஹெர்ட்ஸ் செயலியை வற்புறுத்துவதில் பொருளில்லை. வெளியுலகத்துக்குக் கதவைத் திறக்காதிருந்தால் போதும்.

எல்லாம் அமைந்து, திரையில் கமாடோர் 64-இன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு வந்ததும் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பத் தோன்றும். அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சீரியலில் துடிப்பு அனுப்பும் பேசிக் நிரலில், காத்திருக்கும் நேரத்தை ‘ஃபார்’ சுழற்சியால் எண்ணும்படி எழுதிவிட்டு, முதல் வரியில் ‘போக் 56333,127’ என்று சேருங்கள். அந்த ஒரு கட்டளை, கமாடோரின் நேர எண்ணியை ஓட்டும் குறுக்கீட்டை நிறுத்திவிடும். விசைப்பலகையும் செத்துப்போகும், அணைத்து இயக்கினால் மீளும். சீரியல் போர்ட்டை ஓட்டுவது வேறொரு சில்லு என்பதால் துடிப்பு வரி மட்டும் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் அதே எண்ணோடு. பையும் ‘புது வரி வந்திருக்கிறது’ என்று நம்பி பதில் சொல்லும். பத்து நிமிடம் கழித்துத் திரையைப் பாருங்கள். இன்னும் பச்சையாக இருந்தால், போன தடவை சொன்ன அதே எண் மறுபடி வந்தால் அதை வருகையாகக் கணக்கில் எடுக்காதே என்று பதிலாளின் நிரலில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.